காய்ச்சல் தணிந்த பின்னும் இதயம் ஓய்வது ஏன்? ஒட்டுண்ணித் தொற்றும் உயிர்பிழைத்தலும்

காங்கேயத்து மாணவி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் முதுகலை விலங்கியல் படித்து வருகிறேன். கருத்தரங்கு ஒன்றுக்காகத் தென் அமெரிக்காவின் சாகஸ் நோயைப் பற்றிப் படிக்க நேர்ந்தது. அந்நோய்க்குக் காரணமான டிரிப்பனோசோமா குரூசி என்னும் ஓரணு ஒட்டுண்ணியைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தி, வால் நுனியில் எடுத்த துளி இரத்தத்தில் அதை எண்ணி, அதே எலிகளுக்கு எக்கோ எடுத்து இதயத்தின் இயக்கத்தையும் அளந்து ஒப்பிடுகிறார்கள். ஒட்டுண்ணி பெருகினால் இதயம் கெடும், குறைந்தால் தேறும் என்பதுதான் இயல்பாகத் தோன்றும் கணக்கு. ஆனால் இரத்தத்தில் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டு இறங்கும் வேளையில்தான் இதயத்தசையின் அழற்சி முற்றுகிறது என்றும், ஒட்டுண்ணி குறைவாக இருந்த எலிகளே முந்தி இறந்த சோதனைகளும் உண்டு என்றும் படிக்கிறேன்.

எங்கள் தோட்டத்திலும் இதற்கு நெருங்கிய ஒன்றைப் பார்த்தோம். ஜெர்சிக் கலப்பினப் பசுவுக்கு, உண்ணி பரப்பும் ஒட்டுண்ணி நோயான தைலேரியா வந்து, ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியது. சோளத்தட்டும் கடிக்கத் தொடங்கியது. பிழைத்துக்கொண்டது என்று வீட்டில் எல்லோரும் நம்பியிருந்த நேரத்தில், மூச்சு வாங்கிக் கட்டுத்தறியிலேயே படுத்து இறந்துவிட்டது. ஒட்டுண்ணி அடங்கிவரும்போது இதயம் ஏன் ஓய்கிறது? இதயத்தைக் கெடுப்பது ஒட்டுண்ணியா, அதை எதிர்க்கும் உடலா? உயிர் தப்புவதைத் தீர்மானிப்பது எது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஈரோட்டு ஆய்வாளர்:

இரத்தத்தில் எண்ணுவது வேறு, இதயத்துக்குள் நடப்பது வேறு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரத்தத்தில் நீந்தித் திரியும் வடிவத்தில் இந்த ஒட்டுண்ணி பெருகுவதே இல்லை. அது உயிரணுக்குள் புகுந்து, உருண்டை வடிவம் எடுத்து, அங்கேதான் இரண்டிரண்டாகப் பிரிகிறது. சில நாட்களில் அந்த உயிரணு நிறைந்து வெடிக்கும்போது, வெளிவருபவை மீண்டும் நீந்தும் வடிவம் பெற்று அடுத்த உயிரணுவைத் தேடிச் செல்கின்றன. இதயத்தசை உயிரணுக்கள் அதற்கு மிகவும் உகந்த இடம். எதிர்ப்புரதங்கள் உருவானபின் இரத்தத்தில் இருப்பவை விரைவாக அழிக்கப்படுகின்றன. தசைக்குள் இருப்பவற்றை அப்புரதங்கள் நெருங்க முடிவதில்லை. அவற்றைத் தேடி வெள்ளணுக்கள் இதயத்துக்குள் வந்து சேர்வதற்குக் காலம் பிடிக்கிறது. வால் இரத்தத்தில் எண்ணிக்கை இறங்கும் நாட்களும் இதயத்தில் அழற்சி ஏறும் நாட்களும் ஒன்றின்மேல் ஒன்று படிவதற்கு இதுவே காரணம்.

ஒட்டுண்ணியா, உடலா என்ற கேள்விக்கு, இரண்டும் என்பதே என் விடை. ஆனால் அதைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்க இயலாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளில் ஒட்டுண்ணி கட்டுக்கடங்காமல் பெருகி, எலிகள் இறந்துவிடுகின்றன. இன்டர்லூக்கின் 10 இல்லாத எலிகளிலோ ஒட்டுண்ணி குறைவாகவே இருக்கிறது. ஆயினும் அவை சாதாரண எலிகளைவிட முந்தி இறக்கின்றன. இன்டர்லூக்கின் 10 என்பது அழற்சிக்குக் கடிவாளம் போடும் பொருள். அது இல்லாதபோது எதிர்ப்பாற்றல் தன் உடலையே எரிக்கிறது. நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்தச் சோதனையாகத்தான் இருக்கும். ஒட்டுண்ணியைக் கொல்ல வெள்ளணுக்கள் உண்டாக்கும் நைட்ரிக் ஆக்சைடும், டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளும், அளவு மிஞ்சினால் தசை சுருங்கும் வலிமையையே குறைத்துவிடுகின்றன. இவ்வாறு குறைந்த வலிமை, உயிரணு சாகாத வரையில், ஓரளவு மீளக்கூடியது. செத்துப்போன இதயத்தசை ஏறத்தாழ மீள்வதில்லை. அந்த இடத்தில் நார்த்தழும்புதான் வளர்கிறது. அழற்சி மின்தூண்டல் செல்லும் பாதையில் விழுந்தால், இதயம் வலுவாக இருக்கும்போதே துடிப்பு தடுமாறிச் சாவு நேரலாம்.

கருத்தரங்குக்கு உதவும் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். இத்தகைய கட்டுரைகளில் வெளியேற்ற விழுக்காட்டை, அதாவது இதய அறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதை, மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நோயுற்ற எலி தீனியும் நீரும் குறைத்துக்கொள்வதால் இதய அறைக்கு வந்து சேரும் இரத்தமே குறைந்திருக்கும். அப்போது விழுக்காடு நன்றாகவே தோன்றும், ஆனால் நிமிடத்துக்கு வெளியேறும் மொத்த இரத்தம் சரிந்திருக்கும். எக்கோ எடுக்கக் கொடுக்கும் மயக்க மருந்தும் துடிப்பைத் தணிக்கும். எல்லாவற்றையும்விட, மோசமாக இருந்த எலிகள் இறந்துவிடுவதால் அடுத்த வாரச் சராசரியில் அவை இடம்பெறுவதில்லை. மிஞ்சியவற்றின் சராசரி உயர்ந்திருப்பதைப் பார்த்து இதயம் தேறிவிட்டது என்று எழுதுவது பெரும்பிழை. எந்த நாளில் எத்தனை எலிகளை அளந்தார்கள் என்பதை அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

கோவை பொதுமருத்துவர்:

மேலே சொன்னது எலிகளுக்கும் சாகஸ் நோய்க்கும் பொருந்தும். மனிதர்களில் விகிதங்கள் வேறு. பிரேசிலின் லசான்ஸி ஊரில் 1909-இல் கார்லோஸ் சாகஸ் இந்நோயை முதன்முதலாக இனங்கண்டபோது அவர் பரிசோதித்த பெரனிசி என்ற சிறுமி, கடுநிலைக் காய்ச்சலிலிருந்து, அதாவது தொற்றிய தொடக்கக் கட்டத்துக் காய்ச்சலிலிருந்து, தப்பி முதுமை வரை வாழ்ந்தார். கடுநிலையில் பெரும்பாலோருக்கு நோய் வந்ததே தெரிவதில்லை; கடுமையான இதயத்தசை அழற்சியோ மூளை அழற்சியோ ஏற்படுவது 100 பேரில் ஒருவருக்கும் குறைவு. உணவு அல்லது பானத்தின் வழியே ஒட்டுண்ணி மொத்தமாக உள்ளே போகும்போது நிலைமை மோசமாகிறது. பெரிய இழப்பு பின்னால் வருகிறது: தொற்றியவர்களில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயநோய் உண்டாகிறது. பென்ஸ்நிடசோல் மருந்து கடுநிலையில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இதயம் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட 2,854 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அம்மருந்து இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் குறைத்தபோதிலும், இதயநோய் முற்றுவதைக் குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கவில்லை. உங்கள் கேள்விக்கு மனிதர்களிடமிருந்து கிடைத்த மிகத் தெளிவான சான்றாக இதையே கருதுகிறேன். இந்நோய் நம் நாட்டில் பரவுவதில்லை என்பதையும், படிப்பவர்கள் அஞ்ச வேண்டாம் என்பதற்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் எல்லா ஒட்டுண்ணியும் இதயத்தை இப்படியே தாக்கும் என்று கொள்ள வேண்டாம். ஃபால்சிபேரம் என்னும் கொடிய வகை மலேரியாவில் ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் இதயத்தின் நுண்குழாய்களிலும் அடைத்துக்கொள்வதைப் பிணக்கூறாய்வில் பார்த்திருக்கிறார்கள். அப்படி இருந்தும் இதயத்தசையின் அழற்சி அரிது, இரத்தத்தை இறைக்கும் ஆற்றலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. அங்கே உயிரைக் குடிப்பவை மூளை பாதிப்பு, இரத்தம் அமிலமாவது, சர்க்கரை இறங்குவது, கடும் இரத்தச்சோகை ஆகியவை. அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைக்கு வேகமாக நீர் ஏற்றினால் நல்லது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் மலேரியா உள்ளவர்கள். வேகமாக நீர் ஏற்றப்பட்ட இரு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டினர் இறந்தனர். ஏற்றப்படாத பிரிவில் 7.3 விழுக்காட்டினர் இறந்தனர். நோயுற்ற உடலின் இதயத்துக்கு நாம் நல்லெண்ணத்தில் ஏற்றும் சுமையும் சாவுக்குக் காரணமாகலாம் என்று அந்த ஆய்வு எங்களுக்குக் கற்பித்தது.

நாமக்கல் கால்நடை மருத்துவர்:

அம்மிணி, உங்கள் பசுவுக்கு நேர்ந்ததைப் பற்றி, பார்க்காத மாட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்றாலும், தைலேரியாவில் இது நாங்கள் அடிக்கடி பார்க்கும் போக்குதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹையலோமா உண்ணி கடித்துச் செலுத்தும் தைலேரியா அனுலேட்டா முதலில் வெள்ளணுக்களுக்குள் பெருகுகிறது. அப்போதுதான் காய்ச்சல் 105, 106 டிகிரிக்கு ஏறி, தோள்பட்டைக்கு முன்னால் உள்ள நிணநீர்க் கணு முட்டையளவுக்குப் புடைக்கிறது. பூபார்வக்கோன் ஊசி, கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராம் வீதம் போடும்போது, தாக்குவது முக்கியமாக இந்தப் பருவத்தைத்தான்; அதனால் காய்ச்சல் இறங்குகிறது. ஆனால் அதற்குள் ஒட்டுண்ணி சிவப்பணுக்களுக்குள் போயிருந்தால், அந்தச் சிவப்பணுக்களையும், சில வேளைகளில் ஒட்டுண்ணி இல்லாத சிவப்பணுக்களையும்கூட, மாட்டின் உடலே அழித்துக்கொண்டிருக்கிறது. ஊசி போட்ட பிறகும் இந்த அழிவு சில நாட்கள் தொடர்கிறது. காய்ச்சல் இல்லாத, தீனி தின்கிற மாடு, உள்ளுக்குள் வெளுத்துக்கொண்டே போகும் காலம் இதுதான்.

இங்கேதான் இதயம் வருகிறது. நல்ல மாட்டின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 30 விழுக்காடு அளவில் இருக்கும். அது 12 விழுக்காடாக இறங்கினால், ஒரே அளவு இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் பாதிக்கும் கீழே போய்விடும். அதை ஈடுகட்ட, நிமிடத்துக்கு 60 முதல் 80 முறை துடித்த இதயம் 120-க்கும் மேல் ஓடுகிறது. இதயத்தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் துடிப்புக்கு இடைப்பட்ட ஓய்வில்தான் பெறுகிறது. துடிப்பு விரைய விரைய அந்த ஓய்வு குறைகிறது, வருகிற இரத்தமும் நீர்த்த இரத்தம். கிணறு வற்றியும் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டினால் காயில் கருகுவதைப் போலத்தான் இதுவும். இதோடு அழற்சிப் பொருள்கள் தசையை நேராகவும் பாதிக்கின்றன: தைலேரியா கண்ட மாடுகளின் இரத்தத்தில் இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் உயர்ந்திருப்பதை அளந்திருக்கிறார்கள், இறந்த மாட்டை அறுத்துப் பார்க்கும்போது இதயத்தின் மேல்பரப்பிலும் உட்பரப்பிலும் இரத்தக் கசிவுப் புள்ளிகளை நாங்களே பார்க்கிறோம்.

இந்த நிலையில் உள்ள மாட்டுக்குச் சோர்வாக இருக்கிறதே என்று பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். மருத்துவர் ஐயா மேலே சொன்ன ஆப்பிரிக்கக் குழந்தைகளின் ஆய்வை அவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஏற்கெனவே நீர்த்த இரத்தத்தை மேலும் நீர்க்கச் செய்து, ஓய்ந்துவரும் இதயத்தின்மேல் கொள்ளளவைக் கூட்டினால், நீர் நுரையீரலில் போய்த் தேங்கும். அந்த மாட்டுக்கு வேண்டியது சிவப்பணு. நோயற்ற இன்னொரு மாட்டின் இரத்தத்தை மெதுவாக ஏற்றுவது பல மாடுகளைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் முறை ஏற்றும்போது மாடுகளில் ஒவ்வாமை பெரும்பாலும் வருவதில்லை என்பது நமக்குக் கிடைத்த வசதி.

உயிர் தப்புவதைத் தீர்மானிப்பதில் இனத்துக்கும் பெரும் பங்கு உண்டு. நாட்டினமான சாகிவால் கன்றுகளுக்கும் அயலினமான ஹோல்ஸ்டீன் (ஹெச்.எஃப்.) கன்றுகளுக்கும் இதே ஒட்டுண்ணியைச் செலுத்திப் பார்த்தபோது, சாகிவால் கன்றுகள் பிழைத்துக்கொண்டன. ஹோல்ஸ்டீன் கன்றுகளிடம் காய்ச்சலும் இரத்தத்தில் அழற்சிப் புரதங்களும் மிகையாக இருந்தன. உண்ணியோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாட்டினம் அளவோடு எதிர்க்கக் கற்றிருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். கொறங்காட்டில் மேயும் காங்கேயம் மாடுகளில் தைலேரியாச் சாவு அரிதாகவும், கட்டுத்தறியில் நிற்கும் ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பினங்களில் அதிகமாகவும் காண்பது இதோடு ஒத்துப்போகிறது.

காங்கேயத்து மாணவி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கட்டுரையின் அட்டவணையில் எலிகளின் எண்ணிக்கையைத் தேடிப் பார்த்தேன். ஆய்வாளர் ஐயா சொன்னதுபோலவே கடைசி அளவீட்டில் எலிகள் குறைந்திருக்கின்றன. கால்நடை மருத்துவர் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி: வீட்டில் இன்னும் இரண்டு கலப்பினப் பசுக்கள் இருக்கின்றன. காய்ச்சல் இறங்கிய பிறகு இதயம் தளர்வதைப் பண்ணையக்காரர்கள் வீட்டிலேயே கண்டுகொள்ள வழி உண்டா?

நாமக்கல் கால்நடை மருத்துவர்:

உண்டு. காய்ச்சல் இறங்கிய பிறகும் ஒரு வாரத்துக்குக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். கீழிமையை விரலால் இழுத்து உட்புறத்தைப் பார்த்தால், இளஞ்சிவப்பு மாறி வெள்ளைத் துணி நிறத்துக்கு வருவது தெரியும். வாலைத் தூக்கி அடிப்புறத்தில் நடுவாக விரல் வைத்தால் நாடி துடிப்பது தெரியும். மாடு அமைதியாக நிற்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அது 100-ஐத் தாண்டினால், தீனி தின்றாலும் பிழைத்துவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரை அழையுங்கள். கழுத்தின் பக்கத்துப் பெரிய இரத்தக் குழாய் தலை நிமிர்ந்து நிற்கும்போதும் புடைத்துத் தெரிவது, தாடைக்கு அடியிலும் முன்னங்கால்களுக்கு நடுவிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருப்பது ஆகியவை இதயம் தோற்றுக்கொண்டிருப்பதன் அடையாளங்கள். அப்படிப்பட்ட மாட்டை வண்டியில் ஏற்றவோ, தண்ணீர் காட்ட நடத்திப் போகவோ வேண்டாம். தொட்டித் தண்ணீரை நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள்.

மற்ற இரண்டு பசுக்களுக்கும் காதின் உட்புறம், மடிக்கு மேலுள்ள தொடை இடுக்கு, வாலின் அடி ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று இன்றே தடவிப் பாருங்கள். இந்த உண்ணி மாட்டின்மேல் மட்டும் இருப்பதில்லை; கட்டுத்தறிச் சுவரின் வெடிப்புகளில் போய் ஒளிந்து தோலுரிக்கும். மாட்டுக்கு மருந்து அடிக்கும் அன்றே வெடிப்புகளையும் பூசி அடைத்துவிட வேண்டும்.