சின்ன மைதானத்தில் உடற்தகுதிச் சோதனை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

உடற்கல்வி ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளியில் அடுத்த வாரம் கேலோ இந்தியா (மத்திய அரசின் விளையாட்டுத் திட்டம்) உடற்தகுதிச் சோதனை. ஒன்று முதல் எட்டு வரை எல்லா வகுப்புக்கும் நான் ஒருவன்தான்.

முதல் தலைவலி 600 மீட்டர் ஓட்டம். மைதானத்தின் ஓரமாகச் சுண்ணாம்பு போட்டால் ஒரு சுற்று 100 மீட்டர்தான் வருகிறது. ஆறு சுற்று என்றால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணிக்கையைத் தவறவிடுகிறார்கள், நானும்தான். ஒரு தடவைக்கு எத்தனை பேரை விடுகிறீர்கள்? பெரிய வகுப்புப் பிள்ளைகளைச் சுற்று எண்ண வைக்கலாமா? ஒரே ஸ்டாப்வாட்சில் எல்லோருடைய நேரத்தையும் எப்படிக் குறிக்கிறீர்கள்?

அடுத்தது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கான ஃபிளமிங்கோ சமநிலை, அதாவது கட்டை மேல் ஒற்றைக் காலில் நிற்பது. 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலத்தில் கட்டை வேண்டும். தச்சரிடம் சொன்னால் செய்துவிடுவார், சரி. ஆனால் பிள்ளை விழும்போதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தி, மறுபடி ஏறி நின்றதும் ஓடவிட்டு, 60 வினாடிக்குள் எத்தனை முறை விழுந்தது என்று எண்ண வேண்டும். வரிசையில் நிற்கும் வாண்டுகள் சிரிக்கிற சிரிப்பில் அது நடக்குமா?

அப்புறம் எடை பார்ப்பது. எல்லோர் முன்னாலும் எடையைச் சத்தமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தனி அறையில் எடுப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கூடுதலாக எவ்வளவு நேரம் பிடிக்கிறது?

உட்கார்ந்து முன்னால் எட்டும் சோதனைக்கான பெட்டியை நீங்களே செய்திருந்தால் படம் போடுங்கள். பக்கத்து ஊர்க்காரர் யாராவது இரவல் தந்தால் இன்னும் நல்லது.