புதுப்பிப்பு: பால் கொடுக்கும்போது எந்தக் குளிசை?

குழந்தைக்கு நாலு மாதம், பால் கொடுக்கிறேன், எந்தக் கருத்தடைக் குளிசை சரிவரும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் போட்ட அக்காமாருக்கு நன்றி.

கிளிநொச்சியில் கிளினிக்குக்குப் போய்க் கேட்டாயிற்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹோர்மோனும் கலந்த குளிசை மாதவிடாயை ஒழுங்காக்கும், வலியையும் குறைக்கும். ஆனால் பால் கொடுக்கிறவர்களுக்கு முதல் 6 மாதம் பொதுவாகத் தவிர்ப்பார்கள். பிரஷர் உள்ளவர்களுக்கும், 35 தாண்டிப் புகைப்பவர்களுக்கும் ஆகாது. (அம்மம்மாவின் சுருட்டு நினைவு வந்து சிரித்துவிட்டேன்.)

எனக்குத் தந்தது புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ளது. பால் குறையவில்லை. இடைவெளி விடாமல் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். பழைய வகை என்றால் 3 மணித்தியாலம் பிந்தினாலே பாதுகாப்புக் குறையும். அதனால் இரவு 8 மணிக்கு அலாரம். இடையிடையே கொஞ்சம் இரத்தக்கசிவு, அதுதான் கரைச்சல். முதல் சில மாதம் அப்படித்தானாம்.