புதுப்பிப்பு: ஓவன் இல்லாமல் பெட்டியில் விற்கும் தயார் மாவில் கேக் (ஆவியில், தேங்காய்ப்பாலோடு)

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. பினாங்கில் எங்கள் பாட்டி இட்லிப் பானையில் அவித்துத் தந்த வெண்ணிலா கேக்கைப் போலச் செய்தால், மேல்பக்கம் மட்டும் சொதசொதவென்று ஆகிறதே, என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கேக் நன்றாக வந்துவிட்டது.

கைகொடுத்தது பட்டர்வொர்த் ஊர் அக்கா ஒருவர் பதிலில் சொன்ன யோசனைதான்: மூடியைப் பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டுவது. மூடியில் சேரும் நீரைத் துணி உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சொட்டுகூடக் கேக்கில் விழவில்லை. துணியின் நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள், தொங்கினால் அடுப்புத் தீ பிடிக்கும்.

மாவுப் பெட்டியில் 1 கப் தண்ணீர், அரை கப் எண்ணெய், 3 முட்டை சேர்க்கச் சொல்லி இருந்தது. தண்ணீருக்குப் பதில் சந்தையில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப்பால். அதிலேயே கொழுப்பு இருப்பதால் எண்ணெயைப் பாதியாக்கினேன். வாசனைக்குப் பாண்டான் (ரம்பை) இலையை அரைத்து வடிகட்டிய சாறு 2 கரண்டி. பேக்கிங் பவுடர் சேர்க்கச் சொன்னவர்களுக்கு: மாவிலேயே அது உண்டு, வேண்டாம். 8 அங்குலத் தட்டு, நடுத்தரத் தீ, 45 நிமிடம். முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது, நடுவில் அமுங்கிவிடும்.

எதிர்பாராதது நிறம். ஆவியில் சூடு 100 டிகிரியைத் தாண்டாததால் மேலே சிவக்கவே இல்லை. குலா மலாக்கா (பனைவகை வெல்லம்) பாகை ஊற்றி மறைத்தேன். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, "பாட்டி இவ்வளவு இனிப்புப் போடமாட்டாங்க" என்றார். அப்புறம் இரண்டாவது துண்டு எடுத்தார்.

மீந்ததைக் குளிர்பெட்டியில் வையுங்கள், நம் வெயிலுக்குத் தேங்காய்ப்பால் சீக்கிரம் புளிக்கும். மறுநாள் இறுகியிருக்கும், 5 நிமிடம் ஆவி காட்டினால் மெத்தென்று ஆகிவிடும்.