சுடுமண் நகைக் கடைக்கு ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. மதுரையில் வீட்டிலிருந்தே சுடுமண் நகை செய்கிறேன். களிமண் பிசைந்து, உருட்டி, நிழலில் காயவைத்து, சுட்டு, வண்ணம் தீட்டி ஒரு ஜோடி ஜிமிக்கி கைக்கு வர ஒரு வாரம் ஆகிவிடும்.

போன மாதம் ஒரு கைவினைக் கண்காட்சியில் இரண்டு நாள் கடை போட்டேன். வாடகை 3,000 ரூபாய். விற்றது 4,150. ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! கூட்டத்துக்குக் குறைவில்லை. எடுத்துப் பார்த்தார்கள், "அழகாக இருக்கிறது" என்றார்கள், வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா மட்டும் வாய்விட்டே கேட்டார்: "மண்ணுக்கா 250 ரூபாய்?"

என் தவறும் உண்டு. செங்கல் நிற நகைகளைப் பழுப்புத் துணியில் படுக்கவைத்தால் யார் கண்ணில் படும்? இரண்டாம் நாள் மாலைதான் பக்கத்துக் கடையில் ஒரு முகக்கண்ணாடி இரவல் வாங்கி வைத்தேன். காதருகே பிடித்துப் பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாகக் கீழே வைக்கவில்லை. விற்றதில் பாதி அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

அடுத்து நவராத்திரிக்குக் கடை போடப் போகிறேன். தாம்பூலத்தோடு கொடுக்க 50 ரூபாய்க்குச் சின்னத் தோடுகள் செய்தால் போகுமா, அல்லது பெரிய நகைகளின் மதிப்பையும் அது இறக்கிவிடுமா? விலைச்சீட்டு ஒட்டலாமா? பேரம் பேசுபவர்களை முகம் கோணாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? கடையிலேயே உட்கார்ந்து மணி உருட்டிக் காட்டியவர்கள் யாராவது இருந்தால், அதனால் விற்பனை கூடியதா என்று அவசியம் எழுதுங்கள்.