32 ஏன் இல்லை?

யாழினி அம்மா: தம்பி, யாழினி எழுதிய கணிதப் போட்டியில் 1, 2, 4, 8, 16 என்ற தொடரின் அடுத்த எண்ணைக் கேட்டிருக்கிறார்கள். அவள் 32 என்று எழுதினாள். விடைக்குறிப்பில் 31 என்று இருக்கிறது. அச்சுப்பிழைதானே? முறையிடலாமா?

மாமா: முறையிடுவது இருக்கட்டும் அக்கா. எண்கள் மட்டுமா இருந்தன, படமும் இருந்ததா?

யாழினி: படமும் இருந்தது மாமா. வட்டத்தின் மீது புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் அதிகபட்சம் எத்தனை பகுதிகளாகப் பிரியும் என்பதுதான் வினா. எண்கள் இரட்டிப்பாவதைப் பார்த்ததும் படத்தை விட்டுவிட்டேன்.

தாத்தா: இப்போதாவது ஆறு புள்ளி வைத்து வரைந்து பார்த்தாயா, கண்ணு?

யாழினி: வண்ணம் தீட்டி இருமுறை எண்ணிவிட்டேன் தாத்தா. 31உம் இல்லை, 32உம் இல்லை, 30தான் வருகிறது!

மாமா: அப்படியானால் கவராயத்தால் சம இடைவெளியில் புள்ளி வைத்திருக்கிறாய். எதிரெதிர்ப் புள்ளிகளை இணைக்கும் மூன்று நாண்களும் மையத்தில் ஒன்றாகச் சந்தித்துவிட்டன. ஒரு புள்ளியைச் சற்றே நகர்த்து, நடுவில் சின்ன முக்கோணம் ஒன்று திறக்கும். அதுதான் 31ஆவது பகுதி.

யாழினி: திறந்துவிட்டது மாமா! ஆனால் வரையாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

மாமா: முதலில் வட்டம் ஒரே பகுதி. நாண் ஒன்று சேரும்போது ஒரு பகுதி கூடும், அது ஏற்கெனவே உள்ள நாண்களை வெட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் இன்னொன்று கூடும். எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் ஒரு நாண், எந்த நான்கை எடுத்தாலும் ஒரே ஒரு வெட்டுப்புள்ளி. ஆறு புள்ளிகளுக்கு நாண் 15, வெட்டுப்புள்ளி 15, ஆகவே 1 + 15 + 15 = 31.

யாழினி அம்மா: படமே தராமல் ஐந்து எண்களை மட்டும் தந்திருந்தால்?

மாமா: அது அரைகுறை வினா என்பதே என் கருத்து அக்கா. அடுத்து எந்த எண்ணை எழுதினாலும், ஆறு எண்களுக்கும் பொருந்தும்படி ஒரு பல்லுறுப்புக்கோவையை அமைத்துவிடலாம்.

தாத்தா: ஐந்து என்ன, நாற்பதும் போதாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டினால், 0 முதல் 39 வரை பகா எண்ணாகவே வரும். ஆய்லர் கண்ட கோவை அது. 40இல் 1681 வந்து நிற்கும், அது 41இன் வர்க்கம்.

யாழினி: ஏழு புள்ளிகளுக்கு 1 + 21 + 35 = 57 வந்தது மாமா. எட்டுக்கு 99, ஒன்பதுக்கு 163. பத்துக்கு 1 + 45 + 210 போட்டேன், 256! மறுபடியும் இரண்டின் அடுக்கே வருகிறதே, சரிதானா?

மாமா: சரிதான். பதினொன்றையும் போட்டுப் பார்.

யாழினி: 386. போய்விட்டது.