கிளாட் தர்க்கப் பகுதி: கடைசி இரண்டு தெரிவுகளில் சரியானதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொன்னிக்கரை (கேள்வி):

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பி, அதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குத் தயாராகி வருகிறேன். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடந்தாலும், பத்தியைப் புரிந்துகொள்வதில் இப்போது எனக்குப் பெரிய சிரமம் இல்லை. தர்க்கப் பகுதியில், "ஆசிரியரின் வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது?", "ஆசிரியர் எதை உண்மை என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்?" போன்ற கேள்விகளில்தான் தடுமாறுகிறேன். நான்கு தெரிவுகளில் இரண்டை உடனே நீக்கிவிட முடிகிறது. மிஞ்சும் இரண்டில் பெரும்பாலும் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். விடைக்குறிப்பைப் பார்த்த பிறகும் அது ஏன் தவறு என்பது விளங்குவதில்லை. மாதிரித் தேர்வுகளை இன்னும் அதிகமாக எழுதினால் போதுமா, பயிற்சி செய்யும் முறையையே மாற்ற வேண்டுமா? அண்ணன்மாரும் அக்காமாரும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தராசுமுள்:

தங்கைக்கு, முறையைத்தான் மாற்ற வேண்டும். பத்தி பேசும் பொருளைப் பற்றியே பேசும் தெரிவுகள் இரண்டு மூன்று இருக்கும். ஆனால் ஆசிரியர் சொன்ன காரணத்துக்கும் அவர் வந்தடைந்த முடிவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் தொடுவது ஒன்றுதான். அந்த இடைவெளி எங்கே என்று தெரியாமல் தெரிவுகளைப் படிக்கத் தொடங்கினால், நன்றாக எழுதப்பட்ட தெரிவு எதுவோ அதுவே சரியெனத் தோன்றும்.

எடுத்துக்காட்டாக நானே எழுதிய ஒரு வாதம்: "ஒரு நகரில் பேருந்து நிலையத்தைப் புறநகருக்கு மாற்றிய பிறகு, நகர மையச் சாலைகளில் விபத்துகள் குறைந்தன. ஆகவே விபத்துகளைக் குறைக்க விரும்பும் பிற நகரங்களும் தங்கள் பேருந்து நிலையங்களைப் புறநகருக்கு மாற்ற வேண்டும்." இதைப் பலவீனப்படுத்துவதாக மூன்று கூற்றுகள் தரப்படுகின்றன எனக் கொள்வோம். முதலாவது, புதிய நிலையத்துக்குப் போய்வரக் கூடுதல் நேரமும் பணமும் செலவாவதாகப் பயணிகள் குறைகூறினர். இரண்டாவது, நிலையம் மாற்றப்பட்ட அதே மாதத்தில் மையச் சாலைகளில் ஒருவழிப் பாதையும் வேகக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்தன. மூன்றாவது, பேருந்து நிலையம் நகர மையத்திலேயே இருந்தும் விபத்துகள் குறைவாக உள்ள நகரங்கள் சில உண்டு.

சென்னைப் புறநகரிலுள்ள கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்குப் போய் அலைந்த அனுபவம் உள்ளவர்கள் முதலாவதைத்தான் உடனே பிடித்துக்கொள்வார்கள். அது நியாயமான குறைதான். ஆனால் வாதம் பயணிகளின் வசதியைப் பற்றியதன்று, விபத்தைப் பற்றியது. மூன்றாவது கூற்று இன்னும் நுட்பமான பொறி. மையத்தில் நிலையம் இருந்தும் ஓர் ஊரில் விபத்து குறைவாக இருக்கலாம். அங்கே நிலையத்தை மாற்றினால் விபத்து மேலும் குறையாது என்பதற்கு அது சான்றாகாது. இரண்டாவது கூற்றுதான் "நிலையத்தை மாற்றியதால் குறைந்தது" என்ற இணைப்பையே அசைக்கிறது, ஏனெனில் குறைவுக்கு வேறொரு காரணம் இருந்திருக்கலாம் என்று அது காட்டுகிறது.

எடுகோளை, அதாவது ஆசிரியர் சொல்லாமலே உண்மை என்று வைத்துக்கொள்வதைக் கேட்கும் வினாக்களுக்கு மறுத்துப் பார்க்கும் சோதனை உதவும். "புறநகர்ச் சாலைகளில் விபத்துகள் அதே அளவுக்கு அதிகரிக்கவில்லை" என்ற தெரிவை மறுத்து, "அதே அளவுக்கு அதிகரித்தன" என்று படியுங்கள். நகரம் மொத்தத்தில் பெற்ற பயன் ஒன்றுமில்லை என்றாகி, பிற நகரங்களுக்கான பரிந்துரை விழுந்துவிடும். ஆகவே அது தேவையான எடுகோள். "மையச் சாலை விபத்துகள் அனைத்துக்கும் பேருந்துகளே காரணம்" என்பதை மறுத்தால், சில விபத்துகளுக்கு வேறு காரணம் உண்டு என்று மட்டுமே ஆகிறது. வாதம் அப்படியே நிற்கிறது. "அனைத்தும்", "மட்டுமே" போன்ற சொற்கள் உள்ள தெரிவுகள் வாதத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகச் சொல்லிவிடுவதால், எடுகோள் வினாக்களில் அவற்றை இந்தச் சோதனைக்கு உட்படுத்தாமல் ஏற்காதீர்கள்.

பயிற்சியின்போது தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு, முடிவு என்ன என்பதை ஒரே வாக்கியத்தில், தமிழிலேயே, எழுதுங்கள். ஆங்கிலப் பத்தியின் முடிவைத் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் அது இன்னும் புரியவில்லை என்று கொள்ளலாம். தேர்வறையில் இதற்கு நேரம் இருக்காது; பழகிய பிறகு எழுதத் தேவையும் இருக்காது.

வடவாற்றங்கரை:

மேலே சொன்னதோடு, ஆங்கில நாளிதழ்களின் தலையங்கங்களை நாள்தோறும் படித்து, ஒவ்வொன்றிலும் முடிவையும் காரணங்களையும் பிரித்தெழுதுவதும் நல்ல பயிற்சி. கிளாட் பத்திகள் சுமார் 450 சொற்கள் நீளமுள்ளவை; அவற்றின் நடையும் ஏறத்தாழ அத்தகையதே.

தராசுமுள்:

வாசிப்பு வேகத்துக்குத் தலையங்கம் உதவும் என்பதை ஏற்கிறேன். வாதத்தை எடைபோடும் பயிற்சிக்கு அது போதாது என்பது என் கருத்து. தலையங்கத்தில் முடிவுகள் பல இருக்கும், பாதிக் காரணங்கள் வாசகருக்குத் தெரிந்தவை என்று விடப்பட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக நம் பகுப்பு சரியா என்று சொல்ல விடைக்குறிப்பு இராது. அதைவிட, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான எல்சாட்டின் குறுவாதங்கள் சிறந்தவை: ஒரு சிறு பத்தி, ஒரு முடிவு, பெரும்பாலும் ஒரே கேள்வி. 2024 ஆகஸ்ட் முதல் அத்தேர்வில் தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, மதிப்பெண்ணுக்குரிய மூன்று பகுதிகளில் இரண்டு இத்தகைய வாதங்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. மேலாண்மைப் படிப்புகளுக்கான ஜிமேட் தேர்வின் வினாக்களும் பயன்படும். அவற்றில் கை பழகிய பிறகு, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு வெளியிட்டுள்ள பழைய வினாத்தாள்களுக்கு வாருங்கள். தனியார் மாதிரித் தேர்வுகளின் விடைக்குறிப்பை வேதவாக்காகக் கொள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் நடந்த கிளாட் தேர்வின் அதிகாரபூர்வ விடைக்குறிப்பே உச்ச நீதிமன்றம் வரை சென்று, சில வினாக்களில் திருத்த உத்தரவானது.

ஏழாம்படி:

மதிப்பெண் கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இளநிலைத் தேர்வில் 120 நிமிடங்களில் 120 வினாக்கள். சரியான விடைக்கு ஒன்று, தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. இரண்டு தெரிவுகள் மிஞ்சிய நிலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலும் சராசரியாக 0.375 மதிப்பெண் ஆதாயம். ஆகவே அத்தகைய வினாவை வெற்றாக விடுவது நட்டம். அதிலேயே மூன்று நிமிடம் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய நட்டம்.

பொன்னிக்கரை:

அனைவருக்கும் நன்றி. பழைய பத்திகள் சிலவற்றில் முடிவைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், வேறுபாடு தெரிகிறது. இன்னொரு ஐயம்: "பத்தியிலிருந்து எதை உறுதியாகக் கூறலாம்?" என்ற வினாக்களுக்கும் இதே முறைதானா?

தராசுமுள்:

இல்லை. அங்கே இடைவெளியைத் தேட வேண்டாம். பத்தியில் உள்ளவை அனைத்தும் உண்மையாக இருக்கும்போது பொய்யாகவே இருக்க முடியாத தெரிவைத் தேட வேண்டும். ஒரு வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் மிதிவண்டியில் வருகிறார்கள், பாதிக்கு மேற்பட்டோர் மதிய உணவு கொண்டுவருகிறார்கள் என்றால், இரண்டையும் செய்யும் ஒருவராவது அவ்வகுப்பில் இருந்தே தீர வேண்டும். "பாதிக்கு மேற்பட்டோர்" என்பதற்குப் பதில் "பலர்" என்று இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பத்தியில் வரும் இத்தகைய அளவுச் சொற்களை அடிக்கோடிட்டுக்கொண்டு, தெரிவில் அவை மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.