பீடிக்கு வரி கூட்டினால் மக்கள் எதிர்ப்பார்களா?

பொதிகைவாசி: 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் சிகரெட்டுக்கான வரி விகிதத்தை 40 விழுக்காடாக உயர்த்தவும், பீடிக்கான விகிதத்தை 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கவும் முடிவு செய்தது. பீடி ஏழைகளின் பொருள், அதன் விலை ஏறினால் மக்கள் பொறுக்கமாட்டார்கள் என்பதே எப்போதும் சொல்லப்படும் காரணம். என் தந்தை நாற்பது ஆண்டுகள் பீடி குடித்து, மூச்சுக்குத் திணறித் திணறி இறந்தார். அவருக்கு அது மலிவாகக் கிடைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. மக்கள் கருத்து என்பது உண்மையில் யாருடைய கருத்து?

புள்ளியியல் மாணவி: தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், ஐயா. 2016–17ஆம் ஆண்டின் தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோர் நூறு பேரில் சிகரெட் பிடிப்பவர் 4 பேர். பீடி குடிப்பவர் ஏறக்குறைய 8 பேர். புகையிலையை மெல்லுதல் போன்ற புகையில்லா வழக்கமுடையவர் 21 பேர். சிகரெட்டுக்கு மட்டும் வரியைக் கூட்டினால் பெரும்பாலோரை அது தொடுவதே இல்லை.

கடல்கடந்தவன்: கலிபோர்னியாவில் இந்தக் கேள்வியை வாக்காளர்களிடமே விட்டார்கள். 2012இல் ஒரு சிகரெட் பெட்டிக்கு 1 டாலர் கூடுதல் வரி என்ற முன்மொழிவு நூலிழையில் தோற்றது. பணம் மாநிலத்துக்கு வெளியே போய்விடும் என்ற பரப்புரை அதற்கு எதிராகப் பலமாக நடந்தது. 2016இல் 2 டாலர் கேட்டபோது, வருவாயில் பெரும்பங்கு ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்குச் செல்லும் என்றிருந்த நிலையில், 64 விழுக்காட்டினர் ஆதரித்தனர். வரியின் அளவைவிட, பணம் எங்கே போகிறது என்பதையே மக்கள் பார்த்தார்கள் என்று நான் கருதுகிறேன்.

தென்காசிக்காரன்: அது எங்கள் ஊருக்கும் பொருந்தும். என் அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு இன்றும் பீடி சுற்றுகிறார். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடிக்கு விதிக்கப்பட்ட தனித் தீர்வையிலிருந்துதான் பீடித் தொழிலாளர்களின் மருத்துவமனைகளும் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் நடந்தன. நானும் அந்தத் தொகையில் படித்தவனே. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. வரி கூடினால் வேலை போய்விடும் என்று அம்மா அஞ்சுவது உண்மை. ஆனால் அந்தப் பணத்தில் வேறு தொழில் பழக்கி, பழகும் காலத்துக்குக் கூலியும் கொடுத்தால் சம்மதமா என்று நேற்றிரவு கேட்டேன். எழுதிக் கொடுப்பார்களா என்று திருப்பிக் கேட்டார்.